வண்டியைப் பார்க்கப் போன குந்தவை

குந்தவையைப் பெண் பார்க்க வந்த அன்று அவளுக்கு என்ன பிடிக்கும் என்று மாப்பிள்ளை வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். தீயணைக்க வருமே ஒரு சிவப்பு வண்டி, அதுதான் பிடிக்கும் என்று ஒரு பெண் எந்த வாயால் சொல்வாள்?

அந்த ஆசை சின்ன வயதில் திருவாரூர்த் தேரோட்டத்தில் ஆரம்பித்தது. அப்பா அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றார். எல்லோரும் தேரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள, இவள் மட்டும் தேருக்குப் பின்னால் மெல்ல ஊர்ந்து வந்த தீயணைப்பு வண்டியைப் பார்த்தாள். மேலே ஏணி, பக்கவாட்டில் சுருட்டி வைத்த குழாய், முன்பக்கம் பளபளவென்று மணி. அம்மா முகத்தைப் பிடித்து சாமி பக்கம் திருப்பிவிட்டாள். கையை எடுத்ததும் முகம் பழையபடி பின்னால் திரும்பிக்கொண்டது.

அவள் பிறந்த ஊர் பாபநாசம் பக்கம். தஞ்சாவூர் ரோட்டில் எப்போதாவது அந்த வண்டி மணியடித்துக்கொண்டு போகும். நடவு வயலில் நாற்றுமுடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால்கூட வரப்பில் ஓடி வந்து நிற்பாள். எங்கே தீப்பிடித்தது என்று மற்றவர்கள் கேட்பார்கள். புது வண்டியா, பழைய வண்டியா என்றுதான் இவள் பார்ப்பாள். கூடப் படித்த பெண்கள் நோட்டு அட்டையில் சினிமாக்காரர்கள் படத்தை ஒட்டிய வயதில், இவள் பேப்பரில் வந்த தீ விபத்துப் படங்களில் வண்டியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டாள். வீட்டில் அதை ஒரு கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று அம்மா நினைத்தாள்.

கல்யாணம் தொண்ணூற்றாறில் நடந்தது. மாப்பிள்ளை சூர்யபிரகாஷுக்குக் குடவாசலுக்குப் பக்கத்தில், சோழசூடாமணி ஆற்றைத் தாண்டி ஒரு ஊர். அப்பா இல்லை. அம்மா அகிலாண்டம் மட்டும். சொந்த நிலம் கொஞ்சம் இருந்தது. மேட்டூரைத் திறப்பார்களா, திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று வானத்தையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்துச் சலித்த வருடங்கள் அவை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தார்கள். சூர்யபிரகாஷும் கல்யாணமான எட்டாம் மாதம் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போனார்.

வெளிநாட்டில் புருஷன் இருக்கும் பெண் எந்த பஸ்ஸில் ஏறினாள், எந்த நிறுத்தத்தில் இறங்கினாள், ரவிக்கை புதுசா பழசா என்பதெல்லாம் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும். யாரும் கெட்ட எண்ணத்தோடு பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. பார்த்துப் பழகிவிட்டார்கள். அதனால்தான் குந்தவை குடவாசலில் தையல் படிக்கப் போகிறேன் என்றபோது அகிலாண்டம் யோசித்தார். பெண்கள் மட்டும் படிக்கிற இடம், ஹபீபுன்னிசா என்ற அம்மாள் நடத்துகிறார், மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு சம்மதித்தார். அந்தத் தையல் வகுப்புக்கு நேர் எதிரே சாலையின் மறுபுறம் என்ன இருக்கிறது என்று விசாரிக்க அவருக்குத் தோன்றவில்லை.

எதிரே தீயணைப்பு நிலையம் இருந்தது.

குந்தவை முதல் நாளே ஜன்னலோரத்துத் தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டாள். காலையில் வண்டியை வெளியே எடுத்து நிறுத்துவார்கள். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பம்பைப் போட்டுப் பார்ப்பார்கள். குழாய்களை நீள விரித்து, காயவைத்து, மறுபடி சுருட்டுவார்கள். டிரைவர் பஞ்சநதம் ஒரு துணியை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றித் துடைப்பார். நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம், கட்டை மீசை. ஆனால் அவருக்கு மீசை இருந்தது என்பதே குந்தவைக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அவள் பார்த்ததெல்லாம் அவர் துடைத்த பித்தளை முனைகளை. வெயில் ஏற ஏற அந்தச் சிவப்பு எப்படி மாறுகிறது என்பதை. தையல் கோணிக்கொண்டு போகும். ஹபீபுன்னிசா வந்து துணியைத் திருப்பி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு தடவை பார்ப்பார்.  

சூர்யபிரகாஷ் முதல் லீவில் வந்தபோது ஒரு கேமரா கொண்டு வந்தார். பொத்தானை அமுக்கினால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். அவர் திரும்பிப் போன பிறகு அது பீரோவில் கிடந்தது. ஒருநாள் குந்தவை அதைப் பையில் போட்டுக்கொண்டு தையல் வகுப்புக்குப் போனாள். இடைவேளையில் சாலையைக் கடந்து நிலையத்து வாசல் ஓரத்தில் நின்று வண்டியைப் படமெடுத்தாள். அடுத்த வாரமும் எடுத்தாள். ரோல் தீரும்வரை எடுத்தாள்.

இங்கேதான் எல்லாமே ஆரம்பித்தது.

நிலைய அலுவலர் அவளைக் கவனித்துவிட்டார். யாரோ ஒரு பெண் பிள்ளை வண்டியையும் நிலையத்தையும் படம் பிடிக்கிறாள் என்றால், ஏதாவது பத்திரிகையில் போடுவதற்காக இருக்கும் என்று நினைத்தார். அல்லது மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போடுவதற்காக யாராவது அனுப்பியிருக்கலாம். டிரைவரைக் கூப்பிட்டு, உனக்குத் தெரிந்தவளா என்று விசாரித்தார். பஞ்சநதம் தெரியாது என்றார். அவருக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. அந்தப் பெண் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் எதிரே நிற்பது அவர்தானே? தன்னை எதற்கு எடுக்கிறாள்? அன்றுமுதல் அவள் சாலையைக் கடப்பது தெரிந்தாலே துணியைப் போட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் போய்விடுவார். நிலையத்துக்குப் பக்கத்து உரக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் இதைப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லையென்றால் அந்த ஆள் எதற்கு ஒளிகிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

ரோலைக் கழுவக் கொடுத்த இடமும் சரியில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத்தும் ஸ்டூடியோவும் சேர்த்து நடத்திய தியாகராசன், சூர்யபிரகாஷுக்குப் பெரியப்பா மகன். சொந்தக்காரர் கடையை விட்டுவிட்டு வேறு கடைக்குப் போனால் அதுவே ஒரு பேச்சாகும் என்றுதான் அவள் அங்கே கொடுத்தாள். கும்பகோணம் கலர் லேபிலிருந்து படங்கள் வந்ததும் தியாகராசன் வழக்கம்போல உறையைப் பிரித்துப் பார்த்தார். கோயில் இருக்கும், அம்மன் இருக்கும், மாமியாரும் மருமகளும் இருப்பார்கள் என்று எதிர்பார்த்தவருக்கு, முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை தீயணைப்பு வண்டி. ஒன்றில் வண்டிக்குப் பக்கத்தில் பஞ்சநதம். இன்னொன்றில் ஏணிமேல் பஞ்சநதம். வேறொன்றில் முன்கதவைத் திறந்துகொண்டு நேராகக் கேமராவைப் பார்க்கும் பஞ்சநதம்.

அவர் குந்தவையிடம் ஒன்றும் கேட்கவில்லை. படங்களைக் கொடுத்தனுப்பிவிட்டு, நெகட்டிவிலிருந்து சிலவற்றை மட்டும் இன்னொரு பிரதி போடச் சொன்னார். அந்த வாரம் சிங்கப்பூர் போகிற ஆள் ஒருவரிடம் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல சூர்யபிரகாஷ் பூத்துக்குப் போன் செய்தார். குந்தவை கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்றாள். அந்தப் பக்கம் சரியாகப் பேச்சு வரவில்லை. கடைசியில் அவர் கேட்டார்:

“அந்த ஆள் யாரு?”

“எந்த ஆளு?”

“நீ எடுத்த படத்துல நிக்கிறானே.”

அவளுக்கு உண்மையிலேயே நினைவு வரவில்லை. படத்தில் யாராவது நின்றார்களா என்று யோசித்தாள். யோசித்த அந்த நேரம்தான் கெடுத்தது. அவர் போனை வைத்துவிட்டார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது தியாகராசன் பில் கிழிக்கிற பாவனையில் குனிந்துகொண்டார். படங்கள் சிங்கப்பூருக்கு எப்படிப் போயின என்பது அப்போது அவளுக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து படங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆமாம், ஆள் இருந்தார். கட்டை மீசையுடன் இருந்தார்.

அதற்கப்புறம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. இதற்கிடையில் மாசி மாதத்தில் ஒருநாள் குந்தவை கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று ரோட்டோரம் மின்கம்பியில் உரசித் தீப்பிடித்து நின்றதால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஜனங்கள் இறங்கி எரிகிற லாரியைப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் மணிச்சத்தம் கேட்டது. குந்தவை கூட்டத்தை விட்டு விலகி வண்டி வந்து நின்ற பக்கம் ஓடினாள். தண்ணீர் கிளம்பும்போது குழாய் விறைத்துக்கொள்வதையும் பம்பின் இரைச்சல் மாறுவதையும் அவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததே இல்லை. பஞ்சநதம் திரும்பிப் பார்த்து, “தள்ளி நில்லும்மா” என்றார். அவள் தள்ளி நின்றாள். அந்த மனிதர் அதுவரை அவளிடம் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். ஆனால் ஊருக்குள் செய்தி வந்து சேரும்போது, நடுரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி டிரைவரோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள் என்று வந்தது.

தியாகராசன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். மருமகள் கொல்லையில் துணி எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து அகிலாண்டத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். குடும்ப மானம் என்ற சொல்லை மூன்று நான்கு தடவை சொன்னார். அகிலாண்டம் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார். மருமகளிடம் எதையும் கேட்கவில்லை. சாப்பாடு போடும்போது மட்டும் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

மறுநாள் குந்தவை கிளம்பி அரைமணி நேரம் கழித்து அகிலாண்டமும் பஸ் ஏறினார். உரக்கடை வாசலில் யூரியா மூட்டைகளின் மேல் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, வெயில் தாழட்டும் என்று பதில் சொன்னார். மணி அப்போது பத்துகூட ஆகவில்லை. அங்கிருந்து ஜன்னல் தெரிந்தது, ஜன்னலில் மருமகள் தெரிந்தாள். நிலையத்து வாசல் தெரிந்தது, அங்கே வண்டியும் அந்த ஆளும் தெரிந்தார்கள். மருமகளின் கண் போகிற திசையை அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த ஆள் வண்டியை ஒட்டியே நின்றான். இவள் எதைப் பார்க்கிறாள் என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? ஒரு தடவை அவன் டீ குடிக்கத் தெருமுனைக்கு நடந்து போனான். அகிலாண்டம் நிமிர்ந்து உட்கார்ந்தார். குந்தவையின் கண் அவன் பின்னால் போகவில்லை. வண்டியிலேயே நின்றது. அகிலாண்டத்துக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. உடனே, நம்மைப் பார்த்துவிட்டுத்தான் இப்படிச் செய்கிறாளோ என்றும் தோன்றியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

இந்த நிலையில்தான் ஒருநாள் மத்தியானம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வெயிலில் நடந்து வந்திருந்தாள், முகமெல்லாம் சிவந்திருந்தது. பெயர் அம்சம். டிரைவர் பஞ்சநதத்தின் மனைவி.

குந்தவை சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். அகிலாண்டம் வந்தவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அம்சம் தண்ணீரைக் குடிக்கவில்லை, செம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

“நான் சண்டை போட வரலங்க” என்றாள். “உங்க வீட்டு மருமக எங்க வீட்டுக்காரர எதுக்குப் படம் புடிக்கிறாங்கன்னு கேட்டுட்டுப் போக வந்தேன். அவரு பத்து நாளா சோறு எறங்காம இருக்காரு. கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்குறாரு. தெரியாதவரு எதுக்கு ஒளியணும்?”

அகிலாண்டம் மருமகளைப் பார்த்தார். இத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்த கேள்வியை வேறொருத்தி கேட்டுவிட்டாள். குந்தவை உள்ளே போனாள். ஓடிவிட்டாள் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். அவள் படங்களை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். எல்லாவற்றையும், ஒன்றுவிடாமல், அம்சத்தின் மடியில் வைத்தாள்.

அம்சம் பார்க்க ஆரம்பித்தாள். முதல் சில படங்களில் முகம் கடுகடுவென்று இருந்தது. அப்புறம் நெற்றி சுருங்கியது. ஒரு படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் வண்டியின் ஏணி முழுசாக இருந்தது. ஏணிக்குக் கீழே காக்கிச்சட்டை போட்ட ஒரு முண்டம், கழுத்துக்குமேல் இல்லை. அடுத்ததில் பம்பு இருந்தது, பம்புக்குப் பக்கத்தில் ஒரு முழங்கை. இன்னொன்றில் சக்கரம், சக்கரத்துக்கு அப்பால் செருப்புப் போட்ட ஒரு கால். முகம் தெரிந்த படங்கள் நான்கோ ஐந்தோதான். அவற்றிலும் முகம் ஓரத்தில்தான் இருந்தது. நடுவில் வண்டியின் மணி.

அம்சம் படங்களை மடியிலேயே அடுக்கினாள். 

“கல்யாணத்துக்கு முன்னாடி இவரு மன்னார்குடியில வேலையா இருந்தப்ப எங்கிட்ட ஒரு போட்டோ இருந்துச்சு” என்றாள் அகிலாண்டத்திடம். “அத எத்தன தடவ பாத்திருப்பேன். மூஞ்சியத்தாங்க பாப்போம். ஆசப்பட்டவ எவளும் தலைய வெட்டிட்டுப் படம் எடுக்க மாட்டா.”

பிறகு குந்தவையிடம் திரும்பி, “ஏம்மா, நெசமாவே வண்டிதானா?” என்று கேட்டாள்.

குந்தவை ஆமாம் என்றாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்றாள். ஏன் என்று கேட்டால் தனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றாள். மற்ற வண்டிகள் எல்லாம் ஏதாவது சுமந்துகொண்டு போகும், இது மட்டும் கூப்பிட்ட இடத்துக்கு வரும், அதனால் இருக்கலாம் என்றாள். சொல்லும்போது அழுகை வந்தது. அம்சம் தண்ணீர்ச் செம்பை எடுத்து அவளிடம் நீட்டினாள். போகும்போது, அந்த முகம் தெரிகிற படத்தில் ஒன்றைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அகிலாண்டம் அன்றே தியாகராசனின் பூத்துக்குப் போனார். மருமகள் எடுத்த படம் எத்தனை, நீ அனுப்பிய படம் எத்தனை என்று கேட்டார். தியாகராசன், முகம் நன்றாகத் தெரிந்ததை மட்டும் அனுப்பினேன், அதில்தானே விஷயம் இருக்கிறது என்றார். அகிலாண்டம் அவரிடம் வாதம் செய்யவில்லை. சிங்கப்பூர் நம்பரைப் போடச் சொன்னார். மகன் வேலை செய்த இடத்தில் யாரோ எடுத்து, அவரைத் தேடிக் கூட்டி வந்தார்கள்.

“ஒன் பொண்டாட்டி மேல எனக்கும் சந்தேகந்தான்” என்றார் அகிலாண்டம். தியாகராசன் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினார். “நானும் போயி உக்காந்து பாத்தேன். எனக்குப் புடிபடல. ஊர்க்காரன் அனுப்புற போட்டோவப் பாத்து நீ முடிவு பண்ணாத. வந்து ஒன் கண்ணால பாரு.”

சூர்யபிரகாஷ் அடுத்த பொங்கலுக்கு வந்தார். வருகிற தேதியை யாருக்கும் சொல்லவில்லை. திருச்சியில் விமானம் இறங்கி, பெட்டிகளைக் கும்பகோணத்தில் ஒரு நண்பர் வீட்டில் போட்டுவிட்டு, நேராகத் தையல் வகுப்புத் தெருவுக்குப் போனார். அதே உரக்கடை வாசலில் நின்றார். கடைக்காரர் இப்போது பழகிவிட்டதால் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. ஜன்னலில் குந்தவை தெரிந்தாள். அவர் கையைக்கூட அசைக்கவில்லை. நெடுநேரம் நின்றுவிட்டு, அவளுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த குந்தவை, கூடத்தில் புருஷன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றாள். எப்போது வந்தீர்கள் என்று கேட்டதற்கு, இப்போதுதான் என்றார். பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. சட்டைத் தோளில் வெள்ளையாக உரப்பொடி ஒட்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து, வா போய்ப் பார்க்கலாம் என்று அவரே அவளைக் கூட்டிக்கொண்டு போனார். நிலைய அலுவலரிடம் சிங்கப்பூரிலிருந்து வந்திருப்பதாகச் சொல்லி, வண்டியைக் கிட்டத்தில் பார்க்கலாமா என்று கேட்டார். அலுவலர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சரி, தொடக்கூடாது என்றார். பஞ்சநதத்தைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். பஞ்சநதம் வந்து பத்தடி தள்ளியே நின்றுகொண்டு, கையை நீட்டி நீட்டிச் சொன்னார். இது பம்பு, இது தண்ணீர்த் தொட்டி. பெண் பக்கம் திரும்பவே இல்லை. குந்தவை வண்டியைச் சுற்றி நடந்தாள். தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சூர்யபிரகாஷ் வண்டியைப் பார்க்கவில்லை. டிரைவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்கப்புறம் மனைவியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது ஆற்றுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தினார்.

“என்னைய இப்படி ஒருநாளும் நீ பாத்ததில்ல” என்றார்.

குந்தவை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“நீங்க எட்டு மாசம் இருந்தீங்க” என்றாள். “அதுல பாதி நாளு பாஸ்போர்ட்டு, ஏஜென்ட்டுன்னு அலைஞ்சீங்க. மீதி நாளு போறதப் பத்தியே பேசுனீங்க. நான் எப்ப பாக்கறது?”

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். டிரைவர் மேல் இருந்த சந்தேகம் அங்கே தீர்ந்ததாகத்தான் சொல்ல வேண்டும். ஆனால் வேறு ஒன்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு இரும்பு வண்டியிடம் தோற்றுப்போனதை யாரிடம் போய்ச் சொல்வது? அந்த லீவு முழுவதும் குந்தவை திரும்பும் இடத்திலெல்லாம் அவர் நின்றார். எங்கே போனாலும் கூடவே வந்தார். பாதி அன்பு, பாதி காவல் என்று அவளுக்கு விளங்கியது.

இரண்டாயிரத்து ஒன்றில் அவர் சூப்பர்வைசர் ஆனார். ஒரு மாத விசிட்டில் குந்தவையைச் சிங்கப்பூருக்கு வரவழைத்தார். நாகப்பட்டினத்துக்காரர் ஒருவரின் வீட்டில் ஒரு அறையில் தங்கினார்கள். மாமியாரைத் தனியே விட்டுவிட்டு எதற்கு வரவேண்டும் என்று முதலில் அவள் மறுத்தாள். அகிலாண்டம்தான் போகச் சொன்னார். அங்கே கூட்டிப் போய்ப் புருஷன் என்ன விசாரிப்பாரோ என்ற பயத்தோடுதான் அவள் விமானம் ஏறினாள்.

ஒரு வார இறுதியில் அவர் எங்கே என்று சொல்லாமல் ரயிலில் அழைத்துப் போனார். இறங்கி நடந்தால், பொதுமக்களை உள்ளே விடுகிற தீயணைப்பு நிலையம். வாசலில் வரிசையாக வண்டிகள். ஒன்றில் ஏணி மடங்கி மடங்கி வானத்துக்குப் போனது. மற்றொன்றில் கதவைத் தூக்கினால் இடிபாட்டில் சிக்கியவர்களை மீட்கிற கருவிகள் அடுக்கடுக்காக இருந்தன. குந்தவை அப்படியே நின்றுவிட்டாள். அவளை அசைய விடாமல் செய்தது வண்டிகள் மட்டுமல்ல. கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். வெள்ளை முடி வைத்த ஒரு சீனர், கணக்கு வாத்தியார் மாதிரி இருந்த ஒரு மலாய்க்காரர், நடுத்தர வயதில் இரண்டு பெண்கள். தரையில் முழங்காலிட்டுச் சக்கரத்தைப் படமெடுத்தார்கள். குறுக்கே வந்த தீயணைப்பு வீரரைக் கொஞ்சம் நகரச் சொன்னார்கள். அவரும் சிரித்துக்கொண்டு நகர்ந்தார். யாரும் யாரையும் சந்தேகமாகப் பார்க்கவில்லை.

சூர்யபிரகாஷ் அரைகுறை ஆங்கிலத்தில் அந்தச் சீனரிடம் விசாரித்துவிட்டு வந்தார். மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்களாம். யார் எந்த வண்டியைப் பார்த்தார்கள் என்று பேசிக்கொள்வார்களாம், வேறு காரியம் ஒன்றும் இல்லையாம்.

“ஒன்ன மாதிரி ஆளுங்க இருக்காங்க” என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த இறுக்கம் முதல் தடவையாகத் தளர்ந்ததை அவள் பார்த்தாள். கேமராவை அவரே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் எடுத்த முதல் படத்தில் வண்டிக்கு முன்னால் அவரை நிற்க வைத்தாள். தலை விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்கினாள்.

அவள் ஊர் திரும்பும் முன் அந்தச் சீனர் ஒரு கட்டுப் படங்கள் கொடுத்தார். பதிலுக்குக் குடவாசல் வண்டியின் படங்களை அனுப்பச் சொன்னார். இவள் தபாலில் அனுப்பினாள். தபால் ஆபீஸில், சிங்கப்பூருக்கு ஒரு சீனன் பெயருக்குத் தீயணைப்பு வண்டிப் படம் எதற்குப் போகிறது என்று கேட்டார்கள். புருஷனின் நண்பர் என்று அகிலாண்டம் முந்திக்கொண்டு சொன்னார்.

ஊருக்கு வந்த பிறகு எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. தியாகராசன் கடைசிவரை நம்பவில்லை. வண்டி என்பதெல்லாம் சாக்கு என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பஞ்சநதம் மாற்றலாகி சீர்காழி பக்கம் போனார். அவர் போன பிறகும் குந்தவை ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்தாள். உரக்கடைக்காரர் அதைக் கவனித்தார். புதிய டிரைவர் எப்படி இருப்பார் என்று யாரோ கேட்டதற்கு, அவருக்கு ஓய்வுபெறுகிற வயது, நெற்றி நிறைய விபூதி என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பேச்சு அதோடு பாதி அடங்கியது. மீதிப் பாதி, குந்தவைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, சூர்யபிரகாஷ் ஊரோடு வந்து சேர்ந்த பிறகு அடங்கியது.

சில வருடம் கழித்து நிலையத்துக்குப் புது மீட்பு வண்டி வரப்போவதாகக் கேள்விப்பட்டார்கள். ஏப்ரல் மாதத்தில் தீத்தொண்டு வாரத்தில் தீயணைப்பதைப் பொதுமக்களுக்குச் செய்து காட்டுவார்கள் அல்லவா, அன்று கொண்டு வருவார்களாம். குந்தவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மாமியாரையும் அழைத்துக்கொண்டு போனாள். வண்டி வந்து நின்றதும் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, கேமராவை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். புதிதாக வந்திருந்த நிலைய அலுவலர் அவளைப் பார்த்தார். ஒரு வீரரைக் கூப்பிட்டு, யார் அந்தப் பெண், எதற்குப் படம் எடுக்கிறாள், போய் விசாரி என்றார்.

அந்த வீரர் குந்தவையிடம் போகுமுன் அகிலாண்டம் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

“என் மருமகதான். வண்டியப் பாக்க வந்துருக்கா. பாத்துட்டுப் போயிடுவா.”

“வண்டியில என்னம்மா பாக்குறாங்க?” என்று கேட்டார் அவர்.

அகிலாண்டம் திரும்பி வண்டியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். அவருக்கு இத்தனை வருடத்திலும் அது விளங்கவில்லை. தெரியாது, அவளைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது, ஆனால் வேறு ஒன்றும் இல்லை, அதற்கு நான் சாட்சி என்று சொல்லிவிட்டு, பேத்தியை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டார். அந்த வீரர் அலுவலரிடம் திரும்பிப் போய் ஏதோ சொன்னார். அலுவலர் இன்னும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். குந்தவை முழங்காலிட்டு உட்கார்ந்து, புது வண்டியின் முன்சக்கரத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.